ரஸ்ட் கன்வெர்ட்டர்: பழைய ஜீப் சேசிஸுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ரஸ்ட் கன்வெர்ட்டர் என்பது துருவைப் படலமாக மாற்றும் திரவம். அதன் டப்பாவில் ‘துருவின் மேலேயே அடிக்கலாம்’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். டானிக் அமிலம் கலந்த கன்வெர்ட்டர், இரும்போடு ஒட்டிப் பிடித்திருக்கும் மெல்லிய துருவை மட்டுமே கருநீலப் படலமாக மாற்றும். செதில் செதிலாக எழும்பிய துருவில் மேல்பரப்போடு நின்றுவிடும். உள்ளே அரிப்பு தொடரும், சில மாதங்களில் பெயின்ட் கொப்புளிக்கும்.

முதலில் கிரீஸ், மண் போகக் கழுவிக் காயவையுங்கள். பிறகு கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி (கண்ணாடி கட்டாயம், கம்பி தெறிக்கும்) செதிலை உதிர்த்துவிட்டு, மெல்லிசாக 2 கோட். தேவையானதைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். துரு பட்ட பிரஷை டப்பாவுக்குள் முக்கினால் மீதியும் கறுத்து வீணாகிவிடும். 24 மணி நேரம் ஆறவிட்டு எபாக்சி பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு). கன்வெர்ட்டரை மட்டும் அடித்து வெளியே நிறுத்தினால் மழைக்குத் தாங்காது.

பளபளவென்று தெரியும் வெற்று இரும்பில் இதற்கு வேலையே இல்லை, அங்கே நேராக பிரைமர். பெட்டிபோல் உள்ளே வெற்றிடமுள்ள பாக்ஸ் சேசிஸின் உட்புறத்துக்கு கேவிட்டி வேக்ஸ், அதாவது உள்ளே பீய்ச்சும் மெழுகுதான் சரி. ஸ்பிரிங் ஹேங்கர் (ஸ்பிரிங் சேசிஸில் மாட்டும் இடம்), பாடி மவுன்ட் (பாடி சேசிஸில் உட்காரும் இடம்) பக்கம் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வெட்டி எடுத்து வெல்டிங்தான். ஓட்டைக்கு இது மருந்தல்ல.