பின்வாசல் மண்திட்டுக்கு எது தாங்கும்: சுவரா, கூடையா, வெட்டிவேரா, வலையா?

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் விளையைச் செதுக்கி வீடு கட்டியவர்கள் பலருக்கும் பின்வாசலில் ஒரு மண்திட்டு நிற்கும். எங்களுடையது பத்தடி. கருங்கல் சுவர் கட்டினோம். தண்ணீர் வடிய ஓட்டை விடச் சொன்னேன். "அண்ணே, ஓட்டை விட்டா பாம்பு குடியேறும்" என்று சொல்லிவிட்டு கொத்தனார் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டார். அடுத்த ஐப்பசி மழையிலேயே சுவருக்கு நடுவயிறு தள்ளியது. கணக்கு எளிது: 3 மீட்டர் சுவருக்குப் பின்னால் முழு உயரத்துக்கும் தண்ணீர் நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 4.5 டன் தள்ளும். மண்ணின் தள்ளல் தனி.

கம்பிக்கூடைக்குள் கல் அடுக்கும் கேபியனில் அந்த வம்பு இல்லை. கல்லிடுக்கு வழியாகத் தண்ணீர் தானாக வெளியேறும், திட்டு கொஞ்சம் அசைந்தாலும் கூடை வளைந்து கொடுக்கும். நம் தாத்தாக்கள் சாந்தில்லாமல் அடுக்கிய கய்யாலைக்குக் கம்பிச்சட்டை போட்டது மாதிரிதான். ஆனால் இடம் தின்னும். பத்தடி உயரத்துக்கு அடியில் ஐந்தாறடி அகலம் கேட்கும். நாலு சென்ட் மனையில் அது பெரிய விஷயம். கடலோரமென்றால் வெறும் துத்தநாகப் பூச்சுக் கம்பியை நம்பக்கூடாது, மேலே பி.வி.சி. உறையும் வேண்டும்.

வெட்டிவேருக்கு வருவோம். இந்தப் பெயர் நம்மிடமிருந்து போய் இன்று உலகம் முழுக்க 'வெட்டிவர்' ஆகிவிட்டது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் என்ற எரிமலைத் தீவு ஒரு காலத்தில் அதன் வாசனை எண்ணெய்க்கே பெயர் வாங்கியது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன தமிழர்களின் வம்சம் இன்றும் அங்கே உண்டு. தூரைப் பிரித்து, அரைச்சாண் இடைவெளியில், சரிவுக்குக் குறுக்காக வரிசை போட வேண்டும். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். மூன்று மீட்டர்கூடப் போகும். செலவு நாலில் இதற்குத்தான் மிகக் குறைவு. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வேர் பிடிக்க ஒன்றிரண்டு மழைக்காலம் ஆகும், அதனால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும்போதே நட்டுவிடுவது நல்லது. நிழல் ஆகாது. ரப்பர் மர மூட்டில் நட்டுவிட்டு 'வரவில்லை' என்று குறைப்படுவதில் பயனில்லை.

இந்த மூன்றும் மண்ணுக்குத்தான். பாறை உருண்டால் வேறு கதை. ரீயூனியன் மலைச்சுவரில் கெட்டியான எரிமலைப் பாறையும் பொறபொறப்பான அடுக்கும் மாறி மாறி வரும். மழை பொறபொறப்பைத் தின்றுவிட, மேலே நிற்கும் கெட்டிப்பாறை அந்தரத்தில் தொங்கி ஒருநாள் விழும். மழையும் சாதாரண மழை இல்லை: 1966 ஜனவரியில் ஒரே நாளில் 1825 மில்லிமீட்டர். நாகர்கோவிலுக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். நம்முடையது எரிமலைப் பாறை இல்லை. வெளிப்பகுதி மக்கிச் செம்மண் ஆகிவிட, உள்ளே உருண்டைப் பாறைகள் மிஞ்சி நிற்கும். மண் கரைந்தால் அவை உருளும்.

இங்கேதான் இரும்பு வலை. மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டால் கல் எகிறாமல் வலைக்குள்ளேயே வழுக்கி அடிவாரத்தில் விழும். வருஷா வருஷம் அதை அள்ள வேண்டும், இல்லாவிட்டால் வலை கிழியும். கல் விழாமலே இருக்க வேண்டுமானால் பாறையைத் துளைத்து நங்கூரக் கம்பி இறக்கி, வலையை இழுத்துக் கட்ட வேண்டும். அது வீட்டுக்காரர் பட்ஜெட் இல்லை. வலைக்கும் ஓர் எல்லை உண்டு. ரீயூனியன் கடலோரச் சாலையில் 2006 மார்ச்சில் மலையே இடிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். கடைசியில் சாலையை மலையடியிலிருந்து விலக்கிக் கடலுக்குள் 5.4 கிலோமீட்டர் பாலம் கட்டி, 2022-ல் திறந்தார்கள்.

என் கணக்கில் மண்திட்டுக்குக் கீழே இடமிருந்தால் கேபியன், மேலே வெயில் படும் சரிவில் வெட்டிவேர். இடமில்லையென்றால் ஓட்டை வைத்த கருங்கல் சுவர். எதைக் கட்டினாலும் திட்டின் உச்சியில் மழைத்தண்ணீரைத் திருப்பிவிட ஒரு ஓடை முதலில் வெட்டிவிடுங்கள்.

எங்கள் சுவரில் ஐந்தடிக்கு ஒரு இடத்தில் துளையிட்டு, குழாய் சொருகி, உள்வாயில் சல்லி நிரப்பினோம். முதல் துளை போட்ட அன்று கலங்கல் தண்ணீர் அரைமணி நேரம் பீய்ச்சியது. குழாய் வாயில் கொசுவலை கட்டியிருக்கிறேன். பாம்பு இதுவரை வரவில்லை.