வாடிக்கையாளர் விருந்துக்கு எந்த மேசை?

வேலையாக வெளியூர் போயிருக்கிறீர்கள். இரண்டாம் நாள் இரவு அங்குள்ள வாடிக்கையாளரைச் சாப்பிட அழைத்துப் போக வேண்டும். வழிகள் நான்கு: தங்கியிருக்கும் விடுதியின் உணவகம், விருது வாங்கிய பெரிய உணவகம், உள்ளூர்க்காரர்கள் அடிக்கடி போய்வரும் நடுத்தர இடம், எங்காவது வாடகைக்குக் கிடைக்கும் தனி அறை. பெரும்பாலோர் இவற்றைச் சாப்பாட்டின் தரத்தை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். நானானால் முதலில் காதுக்கும், அடுத்துக் கடிகாரத்துக்கும், அதற்குப் பிறகே நாக்குக்கும் மதிப்பெண் போடுவேன்.

காது ஏன் முதலில்? சாதாரணப் பேச்சின் அளவு ஏறத்தாழ 60 டெசிபெல். கூட்டம் நிறைந்த உணவகம் இரவில் 80-ஐத் தொடுவது அபூர்வமே இல்லை. சுற்றிலும் இரைச்சல் ஏறினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள் என்பதை பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் எழுதினார். ஒரு மேசை குரலை உயர்த்தினால் பக்கத்து மேசையும் உயர்த்தும். ஒன்பது மணிக்குள் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். இதில் முதலில் அடிபடுகிறவர், தன் தாய்மொழியல்லாத மொழியில் பேசிக்கொண்டிருக்கும் விருந்தாளி. அமைதியான அறையில் முழுதாகப் புரியும் வாக்கியம் இரைச்சலில் அவருக்குப் பாதிதான் எட்டும். வயது கூடியவர்களுக்கும் அப்படியே. சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருப்பார், நீங்கள் சொன்ன விலையை ஒப்புக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்புவீர்கள்.

இந்தக் கணக்கில் விடுதி உணவகம் நல்ல மதிப்பெண் வாங்கும். தரையில் கம்பளம், கனத்த திரைச்சீலை, மெத்தை நாற்காலி, மேசைகளுக்கு இடையே தாராளமான இடைவெளி என்று சத்தத்தை உறிஞ்சும் பொருள்கள் அங்கே தாமாகவே இருக்கும். விமானம் தாமதமானால் முன்பதிவை ஒரு மணி நேரம் தள்ளிப்போடச் சொல்லலாம். பல ஊர்க்காரர்கள் வந்துபோகிற இடமாதலால், யார் எதைச் சாப்பிட மாட்டார் என்று கேட்டுச் சமைக்கும் பழக்கம் சமையலறைக்கு உண்டு. ஆனால் உள்ளூர்க்காரரான உங்கள் வாடிக்கையாளர், அலுவலகம் முடிந்து போக்குவரத்து நெரிசலில் உங்கள் லாபிக்கு வந்து சேர வேண்டும். அழைத்தவர் லிஃப்டில் இறங்கி வருகிறார், அழைக்கப்பட்டவர் ஊரைக் கடந்து வருகிறார் என்றால் அது விருந்தாகத் தோன்றாது. இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. கண்காட்சியோ மாநாடோ நடக்கும் வாரத்தில் அந்தத் துறையினர் எல்லோரும் அதே நான்கைந்து விடுதிகளில்தான் தங்குவார்கள். முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சூப் குடிப்பவர் உங்கள் போட்டி நிறுவனத்துக்காரராக இருக்கலாம். காலைச் சிற்றுண்டிச் சந்திப்புக்கு விடுதிதான் முதல் தேர்வு. இரவு விருந்துக்கு, நள்ளிரவில் வந்து விடிகாலையில் கிளம்புகிற பயணமாக இருந்தால் மட்டும்.

பெயர்பெற்ற உணவகம்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். மரியாதை காட்ட அது நேர்வழி என்று படுகிறது. ஆனால் அந்தப் பெயர் எதற்காகக் கிடைத்தது என்று பாருங்கள். மிஷெலின் வழிகாட்டி 1900-இல் கார் ஓட்டிகளுக்காக டயர் நிறுவனம் ஒன்று வெளியிட்ட கையேடு. அதில் உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் வழக்கம் 1926-இல் தொடங்கியது. இன்றும் அந்த நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டுமே. அறையின் அமைதிக்கோ நாற்காலியின் வசதிக்கோ அதில் இடமில்லை. மூன்று நட்சத்திரம் என்றால் அதற்காகவே தனிப் பயணம் போகலாம் என்று பொருள். உங்கள் விருந்தாளி ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவைப் பேச வந்திருக்கிறார். இப்படிப்பட்ட இடங்கள் பலவற்றில் மெனுவைச் சமையல்காரரே முடிவு செய்வார். எட்டோ பத்தோ சுற்று. இரண்டரை மணி, மூன்று மணி நேரம். ஒவ்வொரு சுற்றுக்கும் பரிமாறுபவர் வந்து தட்டில் இருப்பதை விளக்குவார். நீங்கள் தொகையைச் சொல்ல வாயெடுக்கும் நேரம் பார்த்துத்தான் வருவார். இரவின் கடிகாரம் சமையலறையின் கையில் இருக்கும். விருந்தாளி களைத்துவிட்டாலும் பாதியில் எழுந்துபோக வழியில்லை.

விலையும் இங்கே இருபக்கம் வெட்டும். லஞ்சத்துக்கு எதிராக அமெரிக்கா 1977-இலும் பிரிட்டன் 2010-இலும் கொண்டுவந்த சட்டங்களுக்குப் பிறகு, பெரிய நிறுவனங்களில் விருந்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு இருப்பது சாதாரணம். அரசு ஊழியர் என்றால் இன்னும் கெடுபிடி. அமெரிக்க மத்திய அரசின் நிர்வாகத் துறை ஊழியர், அலுவல் தொடர்புள்ள ஒருவரிடமிருந்து பொதுவாக ஒரு தடவைக்கு 20 டாலர், ஆண்டுக்கு 50 டாலர் மதிப்புக்கு மேல் எதையும் ஏற்கக் கூடாது. சாப்பாடும் அதில் அடக்கம். மரியாதை என்று நினைத்துச் செய்தது விருந்தாளியை மறுநாள் தன் அலுவலகத்தில் படிவம் நிரப்ப வைக்கும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, இருவருக்குமே சாப்பாட்டில் உண்மையான ஈடுபாடு இருந்தால், வரம்பும் இடம் கொடுத்தால், தாராளமாகப் போங்கள். பேச வேண்டியது பாக்கி இருக்கும்போது வேண்டாம்.

அதனால் என் ஓட்டு நடுத்தர உள்ளூர் உணவகத்துக்கு. ஒன்றரை மணி நேரத்தில் முடியும், பேச்சு சூடுபிடித்தால் நீட்டவும் முடியும். ஒரு பொருளை விட்டுவிட்டுச் சமைக்கச் சொன்னால் கேட்பார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் தேடிப்பிடித்து இங்கே அழைத்து வந்திருக்கிறார் என்பதே விருந்தாளியிடம் ஒரு வார்த்தை பேசிவிடும். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: உள்ளே போய்ப் பார்க்கும்வரை எப்படி இருக்கும் என்று தெரியாது.

அந்தக் குறையைக் கொஞ்சம் உழைத்தால் குறைத்துவிடலாம். இணைய மதிப்பெண் சராசரியை நம்பாதீர்கள். அதைப் போட்டவர்கள் பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள், உங்கள் தேவை வேறு. ஐந்து நட்சத்திரப் பாராட்டையும் ஒரு நட்சத்திரக் கோபத்தையும் தாண்டி, இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். ‘சத்தம்’, ‘காத்திருந்தோம்’, ‘அவசரப்படுத்தினார்கள்’ என்ற சொற்களைத் தேடுங்கள். படங்களில் தட்டை விட்டுவிட்டுக் கூரையையும் தரையையும் பாருங்கள். வெறும் கான்கிரீட், கண்ணாடிச் சுவர், திறந்த சமையலறை மூன்றும் சேர்ந்திருந்தால் அந்த இடம் புகைப்படத்துக்கு மட்டும் அழகு. பிற்பகல் ஓய்ந்த நேரத்தில் தொலைபேசியில் கூப்பிடுங்கள். சுவரோர மேசை கிடைக்குமா, ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது, மேசையைக் காலி செய்யச் சொல்ல நேர வரம்பு உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்பவரின் பொறுமையிலேயே பாதி தெரிந்துவிடும். முதல் நாள் மதியம் தனியாகப் போய்ச் சாப்பிட்டுப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் மதிய அமைதியை வைத்து வெள்ளிக்கிழமை இரவைக் கணிக்க முடியாது.

தனி அறைக்குத் தலை எண்ணிக்கை வேண்டும். தானாகக் கூடிப் பேசும் கூட்டத்தில் ஒரே உரையாடலில் நிற்பவர்கள் நான்கு பேர்வரைதான், அதற்கு மேல் போனால் பேச்சு இரண்டாகப் பிரிகிறது என்று பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பரும் அவருடைய சகாக்களும் 1995-இல் காட்டினார்கள். நான்கு பேருக்குச் சுவரோர மேசை போதும். பன்னிரண்டு பேர் உட்காரும் அறையில் நால்வர் அமர்ந்தால் நேர்காணல் போல இருக்கும். எட்டுப் பேருக்கு மேல் போனால், அல்லது வெளியே கசியக் கூடாத விஷயம் இருந்தால், தனி அறையேதான். குறைந்தபட்சச் செலவு இவ்வளவு என்று நிபந்தனை இருக்கும். முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சங்கிலி உணவகங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தனியாகப் போய்ப் பசியாறும் இரவுக்கு அவை நம்பகமானவை.

ஒவ்வாமையைப் பற்றி எந்த இடமானாலும் முன்கூட்டியே கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றி உணவகங்கள் தகவல் தர வேண்டும் என்பது 2014 டிசம்பர் முதல் கட்டாயம். எல்லா நாட்டுச் சட்டமும் அப்படி இல்லை. அங்கெல்லாம் கேட்டால்தான் பதில். விருந்தாளியை மேசையில் வைத்து விசாரிப்பதைவிட அவருடைய உதவியாளரிடம் இரண்டு நாள் முன்பே கேட்பது நாகரிகம். அவர் வழக்கமாக எங்கே சாப்பிடுவார் என்பதையும் அதே பேச்சில் கேட்டுக்கொள்ளலாம்.

கிழக்கு நோக்கிப் பல நேர மண்டலங்களைத் தாண்டி வந்திருந்தால் விருந்தையே மதியத்துக்கு மாற்றிவிடுங்கள். மேற்கே பறப்பதைவிடக் கிழக்கே பறப்பதில் உடல் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளக் கூடுதல் நாள் கேட்கும். இரவு விருந்தில் கண் சொருகுவது உங்களுக்காகவே இருக்கும், விருந்தாளிக்கு அல்ல. மதியச் சாப்பாட்டில் இன்னொரு லாபம், இருவரும் அலுவலகம் திரும்ப வேண்டியிருப்பதால் அது தானாக முடியும்.

கடைசியாக பில். விடுதியில் அறைக் கணக்கில் எழுதச் சொல்லிவிடலாம். பெரிய உணவகங்கள் சிலவற்றில் முன்பதிவின்போதே பணம் கட்டலாம். நடுத்தர இடத்தில் மட்டும் பதினைந்து நிமிடம் முன்னால் போய், கார்டைக் கவுன்டரில் கொடுத்து, பில் மேசைக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.