இன்சுலின் இலவசம், ஸ்ட்ரிப் கைக்காசு: இருக்கிற பணத்துக்குள் சுகரை எதில் பார்ப்பது?

அம்மாவின் ஓ.பி. நோட்டில் டாக்டர் எழுதியது இரண்டே வரி. இன்சுலின் காலை 18, இரவு 10. இரண்டு வாரம் தினமும் நான்கு வேளை சுகர் பார்த்து எழுதி வரவும். முதல் வரிக்கான மருந்தை அரசு மருத்துவமனையில் காசு வாங்காமல் கொடுத்துவிட்டார்கள், ஊசியும் சேர்த்து. இரண்டாவது வரிக்கு வேண்டிய, ரத்தச் சொட்டு வைத்து மிஷினில் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பைக் கேட்டபோது, அதை வெளியில்தான் வாங்கிக்கணும் என்றார்கள்.

14 நாள், நான்கு வேளை, 56 ஸ்ட்ரிப். ஒன்று 20 ரூபாய் என்றால் 1,120 ரூபாய். அம்மாவுக்கு மாதம் வருகிற முதியோர் பென்ஷன் 1,200.

அவர் என்ன செய்திருப்பார் என்று இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். நான்கு வேளையை இரண்டாக்கினார், இரண்டை ஒன்றாக்கினார், கடைசியில் "உடம்பு ஒரு மாதிரி இருந்தா பார்த்துக்கலாம்ப்பா, சும்மா சும்மா எதுக்கு இருபது ரூபாயைக் கரியாக்கணும்" என்ற இடத்துக்கு வந்துவிட்டார். ஒரு நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு ரவிக்கை நனைய வியர்த்துப்போய், பேச்சு குழறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டப்பாவில் மூன்று ஸ்ட்ரிப் இருந்தது. கை நடுக்கத்தில் முதல் ஸ்ட்ரிப்பில் ரத்தம் பத்தாமல் எரர் காட்டியது. இரண்டாவதில் 52. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்துவிட்டு, கால் மணி நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து மூன்றாவதைப் போட்டேன். 81. டப்பா காலி.

அதற்கப்புறம்தான் சுகர் பார்ப்பதற்கு என்னென்ன வழி இருக்கிறது, எதற்கு எவ்வளவு ஆகிறது, எது யாருக்குச் சரிப்படும் என்று உட்கார்ந்து ஒப்பிட்டேன். டாக்டர் சொல்கிற எண்ணிக்கைக்கு ஸ்ட்ரிப் வாங்க வழியில்லாத வீடுகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டு மிஷின். கடையில் போய் நின்றால் மிஷின் விலையைத்தான் பெரிதாகச் சொல்வார்கள், 500 ரூபாய், 700 ரூபாய், ஆஃபரில் இலவசம் என்றுகூட. மிஷினை ஒருமுறைதான் வாங்கப்போகிறோம், ஸ்ட்ரிப்பைத்தான் ஆயுளுக்கும் வாங்கிக்கொண்டே இருக்கப்போகிறோம். அதனால் 50 ஸ்ட்ரிப் டப்பா என்ன விலை என்று முதலில் கேளுங்கள். அக்யூ-செக், ஒன்டச் மாதிரியான பெயர்களில் ஒரு ஸ்ட்ரிப் ஏறக்குறைய 20 ரூபாய் பக்கம் வரும், டாக்டர் மோர்பென் மாதிரியானவற்றில் 10, 12 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கடைக்குக் கடை, ஆன்லைனுக்கு ஆன்லைன் மாறும், ஆனாலும் பாதிக்குப் பாதி வித்தியாசம் என்பது பொதுவாக நிற்கிறது.

விலை குறைந்தது தப்பாகக் காட்டுமா என்ற பயம் எனக்கும் இருந்தது. ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேச அளவுகோலின் 2013 பதிப்பு கேட்பது இவ்வளவுதான்: சுகர் 100க்கு மேல் இருந்தால் நூற்றில் 95 அளவீடுகள் 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும், 100க்குக் கீழே என்றால் 15 புள்ளிக்குள். அதாவது உண்மையில் 200 இருக்கும்போது 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அந்த மிஷின் தேறியதுதான். எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும் 187க்கும் 195க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மனசைப் போட்டு வருத்திக்கொள்ளத் தேவையில்லை. பெட்டியில் இந்த அளவுகோல் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மலிவானதை வாங்குங்கள். 20 ரூபாய் ஸ்ட்ரிப்பில் வாரம் மூன்று தடவை பார்ப்பதைவிட 10 ரூபாய் ஸ்ட்ரிப்பில் ஆறு தடவை பார்ப்பது நல்லது என்பதுதான் என் முடிவு, அம்மாவுக்கும் அப்படித்தான் மாற்றினேன்.

காசைத் தின்னும் சில தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கம்பெனியின் ஸ்ட்ரிப் எல்லாம் அந்தக் கம்பெனியின் எல்லா மிஷினுக்கும் சேராது, அக்யூ-செக் ஆக்டிவ் மிஷினில் அக்யூ-செக் இன்ஸ்டன்ட் ஸ்ட்ரிப் வேலை செய்யாது. இது தெரியாமல் என் தம்பி வேறொரு பிராண்டில் மாற்றி வாங்கி வந்து டப்பாவைத் திறந்துவிட்டான். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. ஆன்லைனில் அநியாயத்துக்கு மலிவாக வந்தால் காலாவதித் தேதியைப் பாருங்கள், முக்கால்வாசி அடுத்த மாதமே முடிகிற சரக்காக இருக்கும். ஸ்ட்ரிப் டப்பாவை வெயில் அடிக்கும் ஜன்னல் ஓரத்திலோ அடுப்படியிலோ வைக்கக்கூடாது, பல பிராண்டுகளில் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லிப் போட்டிருப்பார்கள், நம் ஊர் மே மாதத்துக்கு அதுவே பெரிய சவால். மூடியை உடனே மூடுங்கள், ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் போச்சு. அப்புறம் கை. மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் 300கூட காட்டும், அது பழத்தின் சர்க்கரை. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினால் ஒரு ஸ்ட்ரிப்போடு வேலை முடியும். குத்துகிற பேனாவை வீட்டில் இன்னொருவரோடு பகிர்ந்துகொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம், மஞ்சள் காமாலைக் கிருமி அப்படிப் பரவும்.

அடுத்தது லேப். தெருமுனை லேபில் வெறும் வயிற்றுக்கு ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து 100லிருந்து 200 ரூபாய்க்குள் வாங்குகிறார்கள். நரம்பில் எடுத்துப் பார்ப்பதால் நம்பகம் அதிகம். ஆனால் அந்த இரவு இரண்டரை மணிக்கு எந்த லேப் திறந்திருக்கும்? இன்சுலின் போடுகிறவருக்கு லேப் எப்போதும் நடந்து முடிந்ததைத்தான் சொல்லும்.

லேபில் காசு கொடுப்பதாக இருந்தால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைச் சொல்லும் எச்பிஏ1சி ரத்த டெஸ்ட் பார்ப்பதுதான் லாபம். 300லிருந்து 600 ரூபாய்க்குள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சாப்பிட்டும் போகலாம். 7 என்று வந்தால் சராசரி சுகர் 154 பக்கம் என்று அர்த்தம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுக்கிறவர்கள், சுகர் தாழ்ந்துபோகும் ஆபத்து குறைவு என்பதால், தினம் விரலைக் குத்தி ஸ்ட்ரிப்புக்குக் கொட்டுவதைவிட இந்த ஒரு டெஸ்ட்டை ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலும் போதும். இங்கிலாந்திலும் மாத்திரையில் இருக்கும் டைப் 2 நோயாளிகள் பலருக்கு ஸ்ட்ரிப்பை வழக்கமாக எழுதித் தருவதில்லை, அதே நாட்டில் இன்சுலின் போடுகிறவருக்கு மருந்தோடு ஸ்ட்ரிப்பும் இலவசமாகவே வருகிறது. இந்தப் பிரிவினை எனக்கு நியாயமாகப் படுகிறது. எச்பிஏ1சிக்கு ஒரு குறை உண்டு. அது சராசரி, ராத்திரி 52ம் மத்தியானம் 260ம் சேர்ந்து நல்ல பிள்ளை மாதிரி ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். ரத்தசோகையும் அதைக் குழப்பும். இரும்புச்சத்துக் குறைந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிட ஏறிக் காட்டலாம். ஹீமோகுளோபின் ரொம்பக் குறைந்தவர்களுக்கு வீட்டு மிஷினும் கூடுதலாகத்தான் காட்டும், அங்கே அது தாழ்சர்க்கரையை மறைத்துவிடும் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தம் சரியாக இருக்கிறது? ஹீமோகுளோபினையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, அரசாங்கத்தின் வழி. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் அக்கா மாதம் ஒருமுறை வருகிறார், அம்மாவின் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்க்கிறார், சாப்பிடாமல் மிச்சம் வைத்திருந்தால் உரிமையோடு திட்டுகிறார். மாத்திரையில் இருக்கும் வயதானவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை. பஸ் செலவு இல்லை, கூலி போகாது. ஆனால் இன்சுலின் போடுகிறவருக்கு மாதம் ஒரு தடவை பார்க்கும் சுகரை வைத்து டோஸை மாற்ற முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் காலை ஓ.பி. நேரத்துக்குள் போய் நிற்க வேண்டும். நூறு நாள் வேலையில் 2025-26க்கான கூலி நாளுக்கு 336 ரூபாயாக இருந்தது. ஒரு இலவச டெஸ்ட்டுக்காக அதை விடுகிறவர் 16 ஸ்ட்ரிப் காசை விடுகிறார்.

நான்காவது சென்சார். மேல்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு போனில் சுகரைப் பார்க்கிற ஃப்ரீஸ்டைல் லிப்ரே மாதிரியானது. 14 நாள் வரும், ஏறக்குறைய 5,000 ரூபாய், நாளுக்கு 350 ரூபாய்க்கு மேல். நான்கு ஸ்ட்ரிப் போட்டால் ஆகிற 80 ரூபாயோடு வைத்துப் பார்த்தால் நான்கு மடங்குக்கும் மேல். இதை நிரந்தரமாகப் போட்டுக்கொள்ளச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்த 52க்குப் பிறகு நானும் தம்பியும் காசு போட்டு அம்மாவுக்கு ஒரே ஒரு தடவை போட்டுவிட்டோம், அது வீண் போகவில்லை. ராத்திரி இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் 14 நாளில் ஐந்து நாள் சுகர் 70க்குக் கீழே இறங்கியிருந்தது. விரலைக் குத்திப் பார்த்திருந்தால் அந்த நேரத்தில் யார் எழுந்து பார்த்திருப்போம்? அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் இரவு டோஸைக் குறைத்தார்.

சென்சாரும் எப்போதும் சரியாகச் சொல்லாது. அது பார்ப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கடியில் உள்ள நீரை. அதனால் சுகர் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கியே வரும். அம்மா ஒரு ராத்திரி அந்தக் கைமேல் ஒருக்களித்துப் படுத்துவிட்டார், சென்சார் 62 காட்டியது, எழுப்பி விரலில் பார்த்தால் 104. ஆக சென்சார் போட்டாலும் கையில் நான்கு ஸ்ட்ரிப் இருந்தே ஆக வேண்டும்.

யாருக்கு எது என்று கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். உடம்பில் இன்சுலின் சுரக்காத டைப் 1 குழந்தைகளுக்கு வீட்டு மிஷினும் நாளுக்கு நான்குக்குக் குறையாத ஸ்ட்ரிப்பும் மூச்சு மாதிரி, அதில் சிக்கனமே கூடாது. கையில் காசு சேர்ந்தால் அவர்களுக்குத்தான் சென்சார் முதலில் போக வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள பெண்களுக்கும் அந்த மாதங்களில் ஸ்ட்ரிப்பில் கை வைக்காதீர்கள், வெறும் வயிற்றில் 95, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120 என்ற இறுக்கமான எல்லையை மாதம் ஒருமுறை லேபுக்குப் போய்ப் பிடிக்க முடியாது. அம்மாவைப் போல இரண்டு வேளை கலப்பு இன்சுலின் போடும் பெரியவர்களுக்கு மலிவு ஸ்ட்ரிப்பும், மூன்று மாதத்துக்கு ஒரு எச்பிஏ1சியும், ராத்திரி தாழ்கிறது என்று சந்தேகம் வந்தால் ஒரே ஒரு சென்சாரும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கும் சுகர் தாழலாம், அவர்கள் வீட்டில் ஒரு டப்பா ஸ்ட்ரிப் இருப்பது நல்லது.

குறைந்த ஸ்ட்ரிப்பை எப்படிச் செலவழிப்பது என்பதும் முக்கியம். தினமும் காலையில் ஒன்று என்று பார்த்தால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிற மாதிரி. ஜோடியாகப் பாருங்கள். திங்கள் காலை இட்லிக்கு முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. புதன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். வெள்ளி ராத்திரிக்கு. வாரத்துக்கு ஆறு ஸ்ட்ரிப், மாதத்துக்கு 26 பக்கம், மலிவு டப்பாவில் 300 ரூபாய் பக்கத்தில் அடங்கும், மூன்று வேளைச் சாப்பாடும் என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். இதற்கு மேலே நான்கு ஸ்ட்ரிப்பைத் தனியாக எடுத்துவையுங்கள், அவசரத்துக்கு மட்டும். டோஸ் மாற்றிய வாரத்தில் மட்டும் இந்தக் கணக்கை மறந்துவிட்டு டாக்டர் சொன்ன அளவுக்குப் பார்க்க வேண்டும், அதில் சமரசம் செய்ததற்கு நாங்கள் பட்டது போதும்.

இவ்வளவும் நம் கைக்குள் இருப்பதை வைத்துச் செய்கிற சமாளிப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023ல் வெளியானபோது நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசியப் பரிசோதனைகள் பட்டியலில் வீட்டில் வைத்துப் பார்க்கும் சுகர் மிஷினைச் சேர்த்தது. 2025 செப்டம்பர் 22லிருந்து குளுக்கோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, பழைய ஆயிரம் ரூபாய் டப்பாவில் 60 ரூபாய் சொச்சம் குறைந்திருக்க வேண்டும், பில்லைப் பார்த்து வாங்குங்கள். கேரளாவில் மிட்டாயி என்ற திட்டத்தில் டைப் 1 குழந்தைகளுக்கு இன்சுலினோடு மிஷினும் ஸ்ட்ரிப்பும் அரசே கொடுக்கிறது. வீடு வீடாக மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கத் தெரிந்த நம் மாநிலத்தில், இன்சுலின் பாட்டில் கொடுக்கும் அதே கவுன்டரில் மாதம் ஒரு டப்பா ஸ்ட்ரிப்பையும் சேர்த்துக் கொடுக்க முடியாதா? கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன், முதல்வரின் முகவரிக்கு அப்படித்தான் மனுவும் போட்டிருக்கிறேன். நீங்களும் அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது நோட்டில் இன்சுலினுக்குக் கீழே "ஸ்ட்ரிப், மாதம் இத்தனை" என்று டாக்டரை எழுதித் தரச் சொல்லுங்கள். அது மருந்துச்சீட்டில் ஏறினால்தான் கவுன்டரில் இல்லை என்று சொல்வதும் எங்காவது பதிவாகும்.