மண்ணீரலா, மருந்தா, மாத்திரையா: பக்கத்து நாற்காலியிலிருந்து ஓர் ஒப்பீடு

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டிய பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் நுண்ணணு), என் மனைவிக்கு 9,000 இருந்தது. ஈறில் ரத்தம் கசிகிறது என்று பல் மருத்துவரிடம் போனவளை, அவர் வாயைப் பார்த்ததும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். மறுநாள் ஐடிபி என்ற மூன்றெழுத்து எங்கள் வீட்டுக்குள் வந்தது. நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சொந்தப் பிளேட்லெட்டையே பகையாக நினைத்து அழிக்கும் அரிய நோய்.

முதலில் ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், நாளுக்கு 40 மில்லிகிராம், நான்கு நாட்கள். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், அவள் அலமாரியைக் காலி செய்து துணிகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். என் சட்டைகள் மடித்திருந்த விதத்தைப் பற்றி அன்றிரவு நான் கேட்ட வசவை, திருமணமான நாளிலிருந்து கேட்டதில்லை. அது அவள் அல்ல, மருந்து என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். எண்ணிக்கை 90,000 வரை ஏறியது. மருந்து நின்றதும் வந்த வழியே இறங்கியது. அடுத்தடுத்து முயன்றும் அதே கதைதான். சில மாதங்கள் கழித்து மருத்துவர் மூன்று வழிகளைச் சொல்லி, இரண்டு வாரம் யோசித்து வரச் சொன்னார்.

இந்த மூன்றையும் ஒப்பிடும் அட்டவணைகள் நிறையவே இருக்கின்றன. எல்லாம் நோயாளியின் ரத்தத்தை மட்டும் பார்த்து எழுதியவை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த மூன்றும் வேறு மாதிரித் தெரிகின்றன. அந்த மாதிரியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மூன்று வழிகளும் மூன்று வெவ்வேறு இடங்களில் கை வைக்கின்றன. ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் ஒட்டிய பிளேட்லெட்டுகளைப் பெரும்பாலும் பிடித்து அழிக்கும் இடம் மண்ணீரல்; அதை எடுத்துவிடுவது ஒரு வழி. அந்த ஆன்டிபாடிகள் உருவாகக் காரணமான பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை ஒடுக்குவது ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து. அழிவதை அழியவிட்டு, எலும்பு மஜ்ஜையைத் தட்டி எழுப்பி இன்னும் அதிகமாக உற்பத்தி செய்ய வைப்பது எல்ட்ராம்போபாக் போன்ற மாத்திரைகள்.

மூன்றில் மூத்தது மண்ணீரல் அறுவை. 1916ல் பிராக் நகரில் பால் காஸ்னெல்சன் என்ற மருத்துவ மாணவர், மண்ணீரலை எடுத்துப் பார்க்கலாம் என்று தன் பேராசிரியரிடம் யோசனை சொன்னார். எடுத்தார்கள், பிளேட்லெட் ஏறியது. அந்த நோயாளியின் ரத்தத்தில் என்ன கோளாறு என்பது தெளிவாக இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1950ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், ஒரு ஐடிபி நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட் அதல பாதாளத்துக்குப் போனது. வலிப்பும் வந்தது, பிழைத்துக்கொண்டார். குற்றவாளி ரத்தத்தில்தான் இருக்கிறது என்று அதன் பிறகுதான் உறுதியானது. (இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் நன்றாகத் தூங்கினாள்.)

நான் மண்ணீரல் கட்சி. மூவரில் ஏறக்குறைய இருவருக்குப் பல ஆண்டுகள் நீடிக்கும் பலன். மற்ற இரண்டிலும் இந்த அளவு இல்லை. ஒரு நாள் அறுவை, சில வாரம் ஓய்வு, கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். தீராது. அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் ஆகிய கிருமிகளுக்கான தடுப்பூசிகள் போட வேண்டும். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் ‘சாதாரணக் காய்ச்சல்’ என்ற சொல் அகராதியிலிருந்து போய்விடும். மண்ணீரல் இல்லாதவருக்குச் சில கிருமிகள் சில மணி நேரத்துக்குள்ளேயே உயிருக்கு ஆபத்தாகலாம். காய்ச்சல் கண்டால் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுதான். ரத்தம் உறையும் அபாயமும் கொஞ்சம் கூடுகிறது. எடுத்ததைத் திரும்ப வைக்கவும் முடியாது. பெரியவர்களில் சிலருக்கு முதல் ஆண்டில் நோய் தானாகவே அடங்குவதால், ஒரு வருடமாவது பொறுக்கச் சொல்கிறது அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டி. எங்களுக்கு அப்போது நோய் தெரிந்து ஐந்தாவது மாதம்.

ரிட்டுக்ஸிமாப் துணைக்கு வருபவருக்கு மிக எளிது. வாரம் ஒன்றாக நான்கு முறை நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். முதல் முறை குளிர், நடுக்கம், அரிப்பு வரலாம் என்பதால் மெதுவாக ஏற்றுவார்கள். நாளில் பெரும்பகுதி போய்விடும். அதன் பிறகு காத்திருப்புதான். பலன் தெரிய இரண்டு மாதம்கூட ஆகலாம். பத்தில் ஆறு பேருக்கு முதலில் கேட்கிறது, ஆனால் ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் நாலில் ஒருவருக்கோ ஐந்தில் ஒருவருக்கோதான் நிற்கிறது. தொடங்குவதற்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. உறங்கிக் கிடக்கும் அந்த வைரஸை இந்த மருந்து எழுப்பிவிடும். ஆறு மாதத்துக்குத் தடுப்பூசிகளும் சரியாக எடுபடாது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் மருந்து முடிந்து ஒரு வருடம் தள்ளிப்போட வேண்டும். நாள்தோறும் மருந்து சாப்பிட்டு அலுத்தவர்களுக்கு நல்ல வழி. எங்களுக்கு அந்த நிலை வரவில்லை என்பதால் இதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவமில்லை.

மாத்திரை 2008ல் வந்தது. பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் எண்ணிக்கை ஏறும். தொல்லையெல்லாம் கடிகாரத்தில்தான். பால், தயிர், சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து, அமிலத்தன்மைக்கான மருந்து என எதைச் சாப்பிட்டாலும் நான்கு மணி நேரம் கழித்துத்தான் எல்ட்ராம்போபாக். அதை விழுங்கியபின் இரண்டு மணி நேரத்துக்கு அவற்றைத் தொடக் கூடாது. கல்லீரல் பரிசோதனை அவ்வப்போது உண்டு. திடீரென நிறுத்தினால் எண்ணிக்கை பழைய நிலைக்கும் கீழே போகலாம். நோயைக் குணப்படுத்துவதில்லை, தாங்கிப் பிடிக்கிறது. எனவே செலவும் மாதாமாதம் தொடரும். இதே வகையில் ரோமிப்ளோஸ்டிம் வாரம் ஓர் ஊசி. சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை, ஊசிக்குப் பயமில்லாதவர்களுக்குச் சரி. அவாட்ராம்போபாக் என்ற புதிய மாத்திரையைச் சாப்பாட்டோடே எடுக்கலாம்.

மருத்துவர் கடைசியில், ஃபைலை மூடும்போது சொன்ன நான்காவது வழியும் உண்டு: எதுவும் செய்யாமல் கவனித்திருப்பது. ரத்தக்கசிவு இல்லாமல் 30,000க்கு மேல் நிற்கிறது என்றால் பலருக்குச் சிகிச்சையே தேவைப்படாது. நியாயமான வழி. ஆனால் உறவினர்களிடம் இதை விளக்கும் வேலை முழுக்கத் துணைவர் தலையில் விழும். “சும்மாவா விட்டு வைத்திருக்கிறீர்கள்?” என்று நான்கு பேராவது கேட்பார்கள். அவள் 30,000க்குக் கீழேயே ஊசலாடியதால் எங்களுக்கு அந்தப் பேச்சு எழவில்லை.

இரண்டு வாரம் முடியும் இரவு, மண்ணீரலுக்காக வழக்கறிஞர் மாதிரி வாதாடினேன். தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதியும் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: “இது எனக்கு நல்லதா, உங்களுக்கு நிம்மதியா?”

என்னிடம் பதில் இல்லை. அந்தச் சில மாதங்களில் எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. காலையில் அவள் எழுந்ததும் கைபேசி விளக்கை அடித்து, முழங்காலுக்குக் கீழே புதிய செம்புள்ளிகள் உண்டா என்று தேடுவேன். கடுகு சிதறியதுபோல் இருக்கும். ஒருநாள் தன் காலை இழுத்துக்கொண்டு, “முதலில் என் முகத்தைப் பாருங்கள். கால் எங்கேயும் ஓடிவிடாது” என்றாள். எனக்கு வேண்டியிருந்தது அந்த விளக்கை அணைக்க ஒரு வழி. அவளுக்கு வேண்டியிருந்தது பகலில் அலுவலகத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்க ஒரு வழி. இந்த நோயில் வரும் அசதி எந்த ஆய்வக அறிக்கையிலும் அச்சாவதில்லை. அவளுடைய முதல் புகாரே அதுதான். நான் எண்ணைப் பார்த்து ஒப்பிட்டேன், அவள் நாளைப் பார்த்து ஒப்பிட்டாள்.

மாத்திரையைத் தேர்ந்தெடுத்தாள். அது வேண்டாம் என்றால் மருத்துவரைக் கேட்டு நிறுத்திக்கொள்ளலாம், மண்ணீரலோ எங்கும் போகாது, பிறகும் எடுக்கலாம் என்பது அவள் கணக்கு. எனக்கு இப்போது அதுவே சரியென்று படுகிறது: முதல் ஆண்டில் திரும்பி வர வழியுள்ளதையே எடுக்கலாம். ஆண்டுக்கணக்கில் அலைந்து சலித்தவர் மண்ணீரலைக் கொடுத்துவிடத் துணிந்தால், அதையும் யாரும் குறை சொல்ல முடியாது.

முதல் மாதம் இரவு பதினொரு மணிக்கு அலாரம் வைத்து, தண்ணீரும் மாத்திரையுமாக நான்தான் நின்றேன். மாலையில் அவள் என்ன சாப்பிட்டாள் என்று விசாரித்து விசாரித்து, கணவனாக இருந்தவன் காவலராகிவிட்டேன். அவளே அலாரத்தைத் தன் கைபேசிக்கு மாற்றிக்கொண்டாள். என்னிடம் மிஞ்சியவை: சந்திப்பு தேதிகள், காப்பீட்டுக் காகிதங்கள், தலைவலி என்றால் ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் வீட்டில் இல்லாமல் பாராசிட்டமால் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. சென்ற வாரப் பரிசோதனை முடிவு காலையிலேயே அவள் கைபேசிக்கு வந்துவிட்டது. இரவு பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னாள், 62,000 என்று. அதுவரை நான் கேட்கவில்லை. மூன்று முறை வாய்வரை வந்தது.