வீடற்றோருக்கு நெல்லையில் எது உதவும்? காப்பகம், ஊருக்கு அனுப்புதல், வாடகை வீடு, வாடகைப் பாக்கி நிதி – ஓர் ஒப்பீடு

பாளையங்கோட்டையிலோ டவுனிலோ 15 பேர் சேர்ந்து ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டால் மாதம் 30,000 ஆகும். ரோட்டோரம் படுத்துக்கிடப்பவர்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று கூடுகிற ஒரு சிறு குழுவால் முடிகிற தொகை அது. பணம் சேர்ந்த அன்றே வாக்குவாதமும் வரும். காப்பகம் கட்டுவோம் என்பார் ஒருவர். அவரவர் ஊருக்கே அனுப்பிவைப்போம் என்பார் இன்னொருவர். நான்கு பேருக்கு ஒரு வீடு பிடித்துக் கொடுப்போம் என்பார் மூன்றாமவர். வீட்டை இழக்கிற நிலையில் இருப்பவர்களுக்கு வாடகைப் பாக்கியைக் கட்டுவோம் என்கிற யோசனை கடைசியாகத்தான் வரும், வந்த வேகத்தில் ஒதுக்கவும்படும். இந்த நான்கையும் அதே 30,000 ரூபாயை வைத்து அளந்து பார்ப்போம்.

சாப்பாட்டுப் பொட்டலத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பசியாற்றுவது நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் பொட்டலம் வாங்கியவர் மறுநாள் இரவும் அதே திண்ணையில்தான் படுப்பார்.

முதலில் ஆள் கணக்கு

எண்ணாமல் எதையும் தொடங்கக் கூடாது. இரவு 11 மணிக்கு மேல், ஒரே இரவில், எல்லா இடத்திலும் எண்ண வேண்டும். இரண்டு இரவாகப் பிரித்தால் ஜங்ஷனில் பார்த்தவரையே மறுநாள் வண்ணார்பேட்டையிலும் எழுதிவிடுவோம். ரயில் நிலைய வாசல், ஈரடுக்கு மேம்பாலத்தின் அடிப்பகுதி, நெல்லையப்பர் கோயில் ரதவீதிக் கடைத் திண்ணைகள், வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம், குறுக்குத்துறை, சிந்துபூந்துறைப் படித்துறைகள், பாளை மார்க்கெட் என்று ஆளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி வளாகத்தில் படுத்திருப்பவர்களைத் தனித்தாளில் எழுதுங்கள். அவர்களில் பெரும்பாலோர் தென்காசி, தூத்துக்குடி பக்கமிருந்து நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள், வீடு உள்ளவர்கள். அவர்களைச் சேர்த்து எண்ணினால் கணக்கு வீங்கிவிடும், திட்டமும் கோணலாகும்.

எண்ணி முடித்ததும் வகை பிரிக்க வேண்டும். கூலி வேலைக்கு வந்து வாடகையை மிச்சம் பிடிக்கிறவர், பிள்ளைகள் கைவிட்ட முதியவர், மனநலம் பாதித்து அலைகிறவர், அண்மையில் வாடகை வீட்டை இழந்த குடும்பம். ஒவ்வொருவருக்கும் வழி வேறு. எல்லோருக்கும் ஒரே கட்டடம் போதும் என்று நினைப்பதில்தான் முதல் கோளாறு தொடங்குகிறது.

காப்பகம்

20 பேருக்கு ஒரு காப்பகம் என்று வைத்துக்கொள்வோம். இரவும் பகலும் ஆள் இருக்க மூன்று காப்பாளர்கள் வேண்டும். ஆளுக்கு 10,000 கொடுத்தாலே 30,000 தீர்ந்தது. சாப்பாடு ஒருவருக்கு நாளைக்கு 90 ரூபாய் என்றாலும் மாதம் 54,000. கட்டட வாடகை, தண்ணீர், கழிப்பறை சுத்தம் எல்லாம் இதற்கு மேல். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எடுக்க வேண்டும். மனநலம் பாதித்தவர்களை வைத்துப் பராமரித்தால் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவும் வேண்டும். சிறு குழுவுக்கு இது ஆகாத வேலை. பாதியில் மூடினால் அந்த 20 பேரும் இரண்டாம் முறை தெருவுக்கு வருவார்கள்.

காப்பகம் நடத்துவது மாநகராட்சியின் கடமை. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம் ஒன்று, தலைக்குக் குறைந்தது 50 சதுர அடி என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த அளவு. 2011 கணக்கெடுப்பின்படி நெல்லை மாநகராட்சியில் 4.73 லட்சம் பேர். அந்த அளவுப்படி நான்குக்குக் குறையக் கூடாது. குழு செய்ய வேண்டியது, தான் எடுத்த தலைக்கணக்கை வார்டு வாரியாக மனுவாக்கி மாநகராட்சி ஆணையரிடம் கொடுப்பது, நடக்கிற காப்பகத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, போனவர் ஏன் திரும்பி வந்தார் என்று கேட்டு எழுதிவைப்பது.

திரும்பி வருவதற்குக் காரணம் இருக்கிறது. கணவன் மனைவியைத் தனித்தனிக் கூடத்தில் பிரிப்பார்கள். சைக்கிளையும் மூட்டையையும் உள்ளே விடமாட்டார்கள். அதிகாலை 3 மணிக்கு மார்க்கெட்டில் லோடு இறக்கப் போகிறவருக்கு 6 மணிக்குத் திறக்கிற கதவால் பயனில்லை. இவற்றைச் சரிசெய்யப் பணம் அதிகம் வேண்டாம். பூட்டு உள்ள அலமாரியும் அதிகாலையில் கதவைத் திறக்க ஓர் ஆளும் போதும்.

காப்பகத்தால் நிச்சயமாகக் கிடைக்கும் பயன் முகவரி. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் கையெழுத்திட்ட சான்றை வைத்து ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். ஆதார் வந்தால் வங்கிக் கணக்கு, பிறகு மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை என்று வரிசையாக நகரும். மழைக்காலத்தில் உயிர் காப்பதும் அதுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன் பகுதியே மூழ்கியது. படித்துறை மண்டபங்களில் படுப்பவர்களின் பட்டியல் கையில் இருந்தால், பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறக்கும் அறிவிப்பு வந்ததுமே அவர்களை மேட்டுக்குக் கொண்டுபோகலாம்.

ஊருக்கு அனுப்புதல்

நான்கில் செலவு குறைந்தது இதுதான். பக்கத்து மாவட்டம் என்றால் துணைக்கு இருவர், பஸ் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துக்குள் முடியும். வட மாநிலம் என்றால் போக வர ஐந்தாறு நாள், செலவு பத்தாயிரத்தைத் தாண்டும்.

ஊரைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. டார்ச்சை முகத்தில் அடிக்கக் கூடாது. நின்றுகொண்டு கேட்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும். வீடியோ எடுக்கவே கூடாது. நடுரோட்டில் ஒருவருக்கு மொட்டையடித்துக் குளிப்பாட்டிப் படம் பிடித்துப் போடுவது உதவி ஆகாது, அவமானம். ஊர்ப் பெயரை நேராகக் கேட்டால் பலருக்கு வராது. சாமியைக் கேட்டால் வரும்.

“ஆச்சி, சாப்டாச்சா? எந்தூருலேருந்து வாரிய?”

“அங்கிட்டு…”

“பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போவிய?”

“குளத்துக்கரைச் சாஸ்தா. ரெண்டு மருதமரம் நிக்கும்லா.”

இந்தப் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு போவது குலதெய்வச் சாஸ்தா கோயிலுக்குத்தான். அது எது என்று தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. கோயில் கொடைவிழா நடத்துகிற ஊர்க் கமிட்டியிடம் தலைக்கட்டு வரி நோட்டு இருக்கும். எந்தெந்தக் குடும்பம் வரி கொடுக்கிறது, யார் வெளியூரில் இருக்கிறார்கள் என்பது அதில் பெயர் பெயராக இருக்கும். போலீஸ் பதிவேட்டில் கிடைக்காத சொந்தக்காரர் அந்த நோட்டில் கிடைப்பார்.

மனநலம் பாதித்து அலைகிறவர் என்றால் காவல்நிலையத்துக்குக் கடமை உண்டு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவுப்படி 24 மணி நேரத்துக்குள் அவரை அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். பிரிவு எண்ணை மனுவில் எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் ‘பார்ப்போம்’ என்ற பதிலோடு போய்விடும்.

இந்த வழி தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரை. ஒரு வார மாத்திரையோடு அனுப்புவார்கள். தீர்ந்ததும் நின்றுபோகும், ஆள் மறுபடியும் கிளம்பிவிடுவார். ஒரு மாத மாத்திரை, மருந்துப் பெயர் அளவோடு எழுதிய கடிதம், அவர் ஊருக்கு அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் வரும் கிழமை, இந்த மூன்றும் இல்லாமல் பஸ் ஏற்றாதீர்கள். ஏழாம் நாள், முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள் போன் செய்து கேளுங்கள்.

வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு துரத்திய பிள்ளைகளிடமே முதியவரைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது கொடுமை. அங்கே 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரத்தை ரத்து செய்யவும் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே இல்லாவிட்டால் வழக்கு இழுக்கும். ஆகையால் எழுதிக் கொடுக்கப் போகிற பெரியவர்களுக்குப் பத்திர எழுத்தரிடம் போகும்முன்பே அந்த ஒரு வரியைச் சொல்லிவிட வேண்டும்.

நால்வருக்கு ஒரு வாடகை வீடு

போக ஊர் இல்லாதவருக்கு இதைவிடச் சரியான வழி இல்லை. சென்னையில் 1993-இல் தொடங்கிய ‘தி பேன்யன்’ அமைப்பு, மனநலச் சிகிச்சை பெற்றும் திரும்பிப் போக வீடில்லாதவர்களுக்காக 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில் இதைச் செய்கிறது. சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு, நான்கைந்து பேர், உதவிக்கு ஓர் ஆள்.

நெல்லையில் தோராயக் கணக்கு: வாடகை 6,500, பலசரக்கும் காய்கறியும் 8,000, கேஸ், சோப்பு, பஸ் செலவு 2,000, உதவியாளர் சம்பளம் 10,000. ஆக 26,500. மீதியை அவசரத்துக்கு வைக்கலாம். மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை. ஆக உங்கள் முப்பதாயிரமும் நான்கு பேருக்கே சரியாக இருக்கும், அதுவும் மாதாமாதம், ஆண்டுக்கணக்கில். இதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

வீடு தரைத்தளமாக, கழிப்பறை உள்ளேயே இருப்பதாகப் பாருங்கள். தனித்த வீட்டைவிட வளவுக்குள், அதாவது பல குடும்பங்கள் குடியிருக்கும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும் வீடு நல்லது. ஒருவர் ஒரு வேளை வெளியே வராவிட்டாலும் எதிர்வீட்டு அக்கா கவனித்துவிடுவார். வீட்டுக்காரரிடம் யார் தங்கப்போகிறார்கள் என்பதை மறைக்காதீர்கள். மறைத்துப் பிடித்த வீடு முதல் சத்தத்திலேயே காலியாகும். ஒப்பந்தம் குழுவின் பெயரில் இருக்கட்டும், ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் தங்குபவர் பெயரில் வரட்டும். அரிசி வாங்குவது, கதவைப் பூட்டுவது, சாவியை வைத்துக்கொள்வது எல்லாம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். சாவி உதவியாளர் இடுப்பில் தொங்கினால் அது வீடு ஆகாது, சின்னக் காப்பகம்தான்.

அரசு வீட்டுத் திட்டங்கள் இந்த நால்வரை எட்டுவது அரிது. கலைஞர் கனவு இல்லம் கிராமத்தில் 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு தருகிறது, நல்ல திட்டம். ஆனால் அதற்குச் சொந்த மனை வேண்டும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புக்குப் பயனாளி பங்குத்தொகை கட்ட வேண்டும்.

வாடகைப் பாக்கி நிதி

மேலே சொன்ன மூன்றும் தெருவுக்கு வந்தபின் செய்கிறவை. மேலப்பாளையம், பேட்டை, தச்சநல்லூர் வளவு வீடுகளில் ஒரு குடும்பம் வெளியேறுவது எப்படி என்று பார்த்தால் நான்காவது வழியின் அருமை விளங்கும்.

வாடகை 3,500, அட்வான்ஸ் 20,000 என்று வைப்போம். மழையில் கொத்தனார் வேலை நின்றுபோகும், அல்லது வீட்டில் பீடி சுற்றக் கம்பெனி கொடுக்கும் இலை குறைவாக வரும். இரண்டு மாதம் பாக்கி விழும். “அட்வான்ஸ்ல கழிச்சுக்கிடுங்க அண்ணாச்சி” என்பார்கள். வீட்டுக்காரரும் சரி என்பார். ஐந்தாம் மாதத்தில் அட்வான்ஸில் 2,500தான் மிச்சம். அப்போது காலி செய்யச் சொன்னால் புதுவீட்டுக்குக் கொடுக்கக் கையில் எதுவும் இருக்காது. அவர்களைத் தெருவுக்குத் தள்ளுவது வாடகைப் பாக்கி மட்டுமில்லை, கரைந்துபோன அட்வான்ஸ்.

இரண்டாம் மாதத்தில் நாம் நுழைந்தால் செலவு 7,000. குடும்பம் வெளியேறிய பிறகு மறுபடி வீடு பிடித்துக் கொடுக்க அட்வான்ஸ் 20,000, முதல் வாடகை 3,500, சாமான் ஏற்ற குட்டியானை வண்டிக்கு 1,500 என்று 25,000 ஆகும். 30,000 ரூபாயில் மாதம் நான்கு குடும்பத்தை வீட்டுக்குள்ளேயே நிறுத்தலாம், அல்லது வெளியேறிய ஒரு குடும்பத்தைத் திரும்ப ஏற்றலாம். எங்கள் பரிந்துரை இதற்குத்தான் முதலிடம்.

ஆனால் இரண்டாம் மாதத்திலேயே செய்தி வந்து சேர வேண்டும். கௌரவம் பார்க்கிற குடும்பம் தானாக வந்து கேட்காது. பற்று நோட்டு வைத்திருக்கும் பலசரக்குக் கடை அண்ணாச்சி, பீடிக் கம்பெனிக் கிளையில் இலை கொடுப்பவர், அங்கன்வாடிப் பணியாளர், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர், பள்ளித் தலைமையாசிரியர், இவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். வார்டுக்கு இரண்டு பேரிடம் போன் நம்பர் கொடுத்துவைத்தால் போதும்.

பணத்தை வீட்டுக்காரர் கணக்குக்கு நேராக அனுப்புங்கள். எந்த மாதங்களுக்கு, அட்வான்ஸ் இப்போது எவ்வளவு நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாக்கிக்குக் காரணம் வாரத்தவணைக் குழுக் கடன் என்றால் வாடகை கட்டியும் பயன் இருக்காது. அடுத்த வாடகையும் தவணைக்கே போகும். முதலில் தவணை நாளைத் தள்ளிவைக்கப் பேசுங்கள். பணம் திரும்பி வரும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள், வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். நிதியில் பாதியை ஐப்பசி முதல் தை வரைக்கும் ஒதுக்குங்கள். மழை நின்று ஒரு மாதம் கழித்துத்தான் பாக்கி உச்சத்துக்கு வரும்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இரண்டு மாதப் பாக்கிக்காக வெளியேற்றுவதானாலும் நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அதற்குள் கட்டிவிட்டால் அந்தக் காரணம் செல்லாது. தண்ணீரையும் கரண்டையும் துண்டிக்கக் கூடாது. இருந்தாலும் முதல் நாளே சட்டப் பிரிவோடு போய் நிற்காதீர்கள். அந்த வாடகையை நம்பியே அரிசி வாங்குகிற விதவை அம்மாக்கள் வளவு வீட்டுச் சொந்தக்காரர்களில் எத்தனையோ பேர். பணத்தோடு போங்கள், ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள், மறுத்துத் துண்டித்தால் மட்டும் வாடகை அதிகாரியிடம் போங்கள்.

அம்பாசமுத்திரம், வள்ளியூர், நாங்குநேரி மாதிரி ஊர்களில் மாதம் 5,000 சேர்ந்தாலும் இந்த நிதியைத் தொடங்கிவிடலாம். இரண்டு மாதம் சேர்த்தால் ஒரு குடும்பத்துக்கு ஆகும். அதோடு முதியோருக்கு 14567, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநல உதவிக்கு 14416 என்ற எண்களைப் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். இரவு ஒரு மணிக்கு வந்து இறங்குகிறவரை முதலில் பார்ப்பது அவர்கள்தான்.