சேர்வராயன் மலை நடைக்கு ரிக்கோ ஜிஆர் 3

பேட்டரி, மெமரி கார்டு சேர்த்தே ரிக்கோ ஜிஆர் 3 கேமராவின் எடை 257 கிராம். பேன்ட் பாக்கெட்டில் அடங்கும் இதற்குள் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் (போன் சென்சாரைவிடப் பல மடங்கு பெரியது) இருப்பதுதான் பெரிய விஷயம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழல் பகலிலேயே இருட்டு. போன் கேமரா இலையை மெழுகிவிடும் அந்த வெளிச்சத்திலும் இது நரம்பு நரம்பாகக் காட்டும். மேக்ரோவில் (மிக அருகில் எடுக்கும் முறையில்) 6 செ.மீ. வரை நெருங்கலாம், காப்பிப் பூவின் மகரந்தம்கூடத் தெரியும்.

ஜூம் கிடையாது, 28 மி.மீ. அகலப் பார்வை மட்டும். பறவை எடுப்பவர்களுக்கு ஆகாது.

இதன் உண்மையான பலவீனம் தூசியும் ஈரமும். லென்ஸ் உள்ளே வெளியே போய்வரும்போது தூசியையும் இழுத்துக்கொள்ளும். லென்ஸ் துளையை எஃப்11 அளவுக்குச் சுருக்கி வானத்தை எடுத்தால் சென்சாரில் ஒட்டிய தூசி கரும்புள்ளியாகத் தெரியும். மழைக்காப்பு இல்லாததால் பனிமூட்டத்தில் ஜிப் கவர் கட்டாயம். சேலத்திலிருந்து ஏசி காரில் வந்தால், கேமராவைக் கவரோடு வெளியே 20 நிமிடம் வைத்துவிட்டுத் திறக்கவும். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டதும் ஆவி படிந்துவிடும். மூட்டத்தைச் சாம்பலாக்காமல் இருக்க எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 கூட்டுங்கள்.

ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம்தான். நாள் முழுக்க நடப்பதென்றால் கூடுதலாக 2 பேட்டரி வேண்டும்.