இருபத்தாறா, இருபத்தெட்டா?

லண்டனில் எட்டு ஆண்டுகளாக ஃபிக்ஸட் கியர் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். பெடலும் பின்சக்கரமும் ஒன்றாகவே சுற்றும் வண்டி. அங்கே சட்டப்படி இந்த வகை வண்டிக்கு முன்சக்கரத்தில் மட்டும் பிரேக் இருந்தால் போதும். இதையே ஓட்டியவனுக்கு ஊரில் ஒரு சாதா சைக்கிள் வாங்குவது என்ன பெரிய காரியம் என்ற மிதப்பில், ஜனவரியில் தஞ்சாவூர் வந்த மறுநாளே கடைக்குப் போனேன். கியர் வேண்டாம். டெல்டாவில் ஏற்றம் என்று இருப்பவை ஆற்றுப் பாலங்கள்தானே.

பெரிய கடை, கண்ணாடிக் கதவு. நுழைந்ததும், “இருபத்தாறா, இருபத்தெட்டா சார்?” என்றார் விற்பனையாளர். அது சக்கரத்தின் அளவு. உடம்புக்குப் பொருந்த வேண்டியதோ ஃபிரேம். அது எத்தனை இஞ்ச் என்று கேட்டேன். “அதெல்லாம் எல்லாருக்கும் ஒன்றுதான். சீட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.”

சீட் ஏறும், இறங்கும். நடுவில் உள்ள பார் ஏறாது, நீளவும் செய்யாது. என் உயரம் 165 சென்டிமீட்டர். சுவரோடு ஒட்டி நின்று, தொடைகளுக்கிடையே ஒரு தடித்த புத்தகத்தை இறுக்கிப் பிடித்துத் தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்தால் 76. இந்த எண் தெரியாமல் யாரும் சைக்கிள் வாங்கக் கூடாது என்பது என் கட்சி. அவர் காட்டிய கறுப்பு வண்டி 22 இஞ்ச் ஃபிரேம், 28 இஞ்ச் சக்கரம். இரண்டு காலையும் ஊன்றி நின்றால் பார் இடித்தது. குறைந்தது ஓர் இஞ்சாவது இடைவெளி வேண்டும். அப்பாவின் 24 இஞ்ச் ஹெர்குலிஸில் குரங்குப் பெடல் அடித்துப் பழகிய நாட்கள் நினைவுக்கு வந்தன. ஐம்பதை நெருங்கும் வயதில் அந்த வித்தையைத் திரும்பவும் தொடங்க முடியாது. சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாமா என்றதற்கு, “பில் போட்ட பிறகு” என்று பதில் வந்தது. வெளியேறிவிட்டேன்.

கீழவாசல் பக்கம் ஒரு சிறிய கடையில் 18 இஞ்ச் ஃபிரேம், 26 இஞ்ச் சக்கரத்தில் ஒன்று கிடைத்தது. பையன் தெருமுனை வரை ஓட்டிப் பார்க்க விட்டான். அங்கேயே வாங்கினேன்.

ஆனால் வண்டியை உண்மையில் எனக்குப் பொருத்திக் கொடுத்தவர், தெருவோரப் புங்கமரத்தடியில் பஞ்சர் ஒட்டும் பெரியவர். சீட்டை அக்குளில் ஒட்டவைத்து, விரல்நுனி பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சைத் தொடுகிறதா என்று என் கையைக் கொண்டே பார்த்தார். பிறகு முழங்கையைச் சீட்டு முனையில் வைத்து ஹேண்டில்பார் வரை ஒரு பார்வை. நான் விடவில்லை: 76-ஐ 0.883-ஆல் பெருக்கினால் 67 வரும், அதுதான் அச்சிலிருந்து சீட் மேல்மட்டம் வரை இருக்க வேண்டிய உயரம் என்று டேப்பைப் பிடித்தேன். அவர் வைத்திருந்தது 66. “முதல் வாரம் இப்படியே ஓட்டுங்கள் தம்பி. பிறகு ஒரு விரல் ஏற்றிக்கொள்ளலாம்,” என்றார். அப்படியேதான் ஆயிற்று.

புது வண்டிதானே என்று நான் நினைத்திருக்க, பின்சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் எடுத்தார். பால்ரஸ் கழற்றிக் கிரீஸ் வைத்தார். கூலி 150 ரூபாய். பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தை உருளவிடும் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு வெறும் பல்சக்கரத்தை மாட்டி ஃபிக்ஸட் ஆக்கலாமா என்று கேட்டதற்குச் சிரித்தார். பெடலைப் பின்னால் அழுத்தி நிறுத்தினால் மறை கழன்றுவிடும், அதைத் தடுக்கும் பூட்டு வளையம் போட இந்தச் சக்கரத்தின் நடுக்குடத்தில் இடமில்லை என்றார். லண்டனில் படித்துத் தெரிந்துகொண்ட அதே விஷயம்.

முன்னால் 44 பல், பின்னால் 18. பெடல் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5 மீட்டர். லண்டன் வண்டி 6 போகும்; இது அதைவிட லேசான மிதி. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். ஐந்திலும் சீட்டை விட்டு எழாமல் ஏறினேன். இறக்கத்தில் பெடலை நிறுத்திவிட்டுச் சும்மா உருளும் சுகத்தை எட்டு ஆண்டுகளாக மறந்திருந்தேன்.

கிளம்பும்போது வண்டியை அக்கா மகனிடம் கொடுத்தேன். அவன் ஆறடி. முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது என்று போன வாரம் செய்தி அனுப்பியிருக்கிறான்.